நாரையின் வலது கால்

முன்னால் போன டிரெய்லர் லாரி அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால்தான் எங்கள் கம்பெனி பஸ் அன்றைக்கு ஏரிக்கரையில் நின்றது. இல்லாவிட்டால் ஸ்ரீபெரும்புதூரில் ஏறி உட்கார்ந்த நிமிஷமே தூங்கிவிடுகிற ஆள் நான். ஒரகடத்தில் கம்பெனி கேட் வந்ததும் சுகப்பிரியா தொடையில் கிள்ளினால்தான் கண் திறப்பேன். காலை ஆறே முக்கால் இருக்கும். மார்கழிப் பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நத்தைகுத்தி நாரைகள் பத்துப் பதினைந்து, அழுக்கு வெள்ளையில் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி வெளுப்பு. சிவந்த மூக்கு, நீளமான சிவந்த கால்கள். வலது காலில், முட்டிக்கு மேலே, வெள்ளையாக ஒரு வளையம் இருந்தது.

சுகப்பிரியாவை உலுக்கினேன். அவள் என் ரூம்காரி, சாத்தான்குளத்துப் பெண். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"எச்சம்ட்டி அது. நாரை தன் காலு மேலயே இருந்து வைக்கும்லா. பாத்ததில்லையா நீ?"

பார்க்காமல் என்ன? எங்கள் முக்கூடல் பக்கத்துக் குளங்களில் நாரைக்குக் குறைச்சலே இல்லை. வெயில் ஏறினால் தன் காலிலேயே எச்சத்தை விட்டுக்கொண்டு, சுண்ணாம்பு அடித்த கால்களோடு நிற்கும். ஆனால் எச்சம் என்றால் வழிய வேண்டும். இது வழியவில்லை. மேலேயும் கீழேயும் கோடு கிழித்தது போல நின்றது. அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. எனக்கு ரகசியம் பேச வராது என்று ஹாஸ்டலில் ஏற்கெனவே பெயர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கொக்கு என்றார்கள், வளையமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்றார்கள். முன் சீட்டில் இருந்த எழிலரசி அக்கா, எங்கள் சூப்பர்வைசர், ஏரிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்.

"இல்லாததுலாம் நல்லாத் தெரியுது உனுக்கு. கீறதுதான் தெரிய மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பேச்சு நாரையைப் பற்றியது இல்லை என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் கம்பெனியில் கார் மீட்டருக்குள் போகிற சின்னச் சின்ன சர்க்யூட் போர்டு செய்கிறார்கள். நான் இன்ஸ்பெக்‌ஷன். சுற்றிலும் விளக்கு வைத்த பெரிய லென்ஸுக்குக் கீழே போர்டை வைத்து, ஈயப் பற்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பற்று இரண்டுக்கும் நடுவே தலைமயிர் கனத்துக்கு ஈயம் இழுத்திருந்தாலும் ரிஜெக்ட். நல்ல போர்டு என்றால் மூலையில் சீல் குத்துவோம். என் சீல் நம்பர் பதினாலு. போன வாரம், எங்களிடம் வாங்கின கம்பெனியிலிருந்து மூன்று போர்டு திரும்பி வந்தது. மூன்றிலும் மயிரிழை ஈயம். மூன்றிலும் பதினாலு. எழிலரசி அக்கா அவற்றை என் தட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொங்கல் லீவு முடிந்ததும் வருஷாந்திர கண் டெஸ்ட். அதில் தேறாதவர்கள், கண்ணாடி போட வேண்டியவர்கள் எல்லாரையும் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். பேக்கிங்கில் ஒருத்தியையும் நிரந்தரம் செய்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்குப் பிப்ரவரியில் டிரெய்னிங் முடிகிறது. அதற்கு மேல் ஊருக்குப் போய் அம்மா பக்கத்தில் பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் பன்னிரண்டு வயசிலிருந்து பீடி சுற்றியவள். இனி ஒரு இலைகூட வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவள்.

இவ்வளவுக்கும் கண் டெஸ்டில் தேறுவது பெரிய வித்தை இல்லை. வருஷா வருஷம் அதே நர்ஸம்மா, கையில் பிடித்துப் படிக்கிற அதே எழுத்து அட்டை. அட்டையில் உள்ள எழுத்துகளை வரிசைப்படி எழுதிய சீட்டு ஒன்று ஹாஸ்டலில் கைமாறிக்கொண்டே இருக்கும். சுகப்பிரியா தலை சீவும்போது அதை ராகம் போட்டுச் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்கும் இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. சங்கடமே அங்கேதான். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் ஒப்பித்துவிடுவேன். டெஸ்டில் தேறிவிடுவேன். அப்புறம்? என் கண் நல்ல கண்ணா கெட்டுப்போன கண்ணா என்று எனக்கே தெரியாமல் பதினாலு பதினாலு என்று குத்திக்கொண்டே இருப்பேன். மத்தியானம் ஆனால் புருவத்துக்குப் பின்னால் ஒரு வலி வருகிறதே, அது என்ன என்றும் தெரியாது. யாரும் சீட்டு எழுதிக் கொடுக்காத ஒரே பரீட்சை அந்த நாரைதான். அதன் காலில் வளையம் இருந்தால் என் கண் சரி. இல்லையென்றால் எழிலரசி அக்கா சொன்னதுதான் சரி.

அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் தூங்காமல் வந்தேன். பஸ் நிற்காமல் போனது. நாரை இருந்தது, ஆனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து கால் எது கோரை எது என்றே பிரிக்க முடியவில்லை. போட்டோ எடுத்தால்தான் ஆகும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே போட்டோக்காரர் ராஜாமணி அண்ணன், ஸ்ரீபெரும்புதூர் கோயில் தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். என் கம்பெனி அட்டைக்குப் படம் எடுத்தவர். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண போட்டோக்காரர்களுக்கு அந்த மாதம் முழுக்க ஈ ஓட்டுகிற வேலைதான். நான் போனபோது கேமராவைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நீளமான லென்ஸ் ஒன்று உண்டு. தாலி கட்டுகிற நேரத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் வந்து மறைத்துவிடுகிறார்கள் என்று, தூரத்தில் நாற்காலி மேல் நின்று எடுப்பதற்காக வாங்கியதாம்.

கொக்கைப் போயா போட்டோ பிடிக்கச் சொல்கிறாய் என்று சிரித்தார். ஒரு காதுகுத்து எடுத்த ரோலில் பதினொரு படம் மிச்சம் இருக்கிறது, சும்மா கிடக்கிறதற்கு வருகிறேன் என்று அவரே சொன்னார். அதில் என்ன விசேஷம் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் சொல்லவில்லை. திமிர் இல்லை, பழக்கம். எங்கள் செக்‌ஷனில் இரண்டாம் பார்வை என்று ஒரு முறை உண்டு. ஒரு போர்டில் சந்தேகம் வந்தால், நான் பார்த்ததை ஒரு சீட்டில் எழுதி மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். போர்டை வாய் திறக்காமல் அடுத்தவளிடம் தர வேண்டும். அவள் பார்த்து அவள் சீட்டில் எழுதுவாள். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பிரிப்போம். முதல் நாளே எழிலரசி அக்கா சொல்லிக் கொடுத்தது இது. நீ இன்னது பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் அடுத்தவள் கண்ணும் அதையேதான் பார்க்கும் என்பாள். கேமராவும் ஒரு கண்தானே என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் மொபெட்டில் வந்தார். நானும், தூக்கம் கெட்ட கோபத்தில் உர்ரென்றிருந்த சுகப்பிரியாவும் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். ராஜாமணி அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரியே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக வரப்போகிற ஏதோ கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக மண் வாரும் வண்டிகள் லீவில் நின்றன. இந்தப் பக்கம் கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. அண்ணன் லென்ஸைத் திருகி நாரையைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. நாற்பது வருஷமாக இந்த வழியில் போகிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை என்று பிற்பாடு சொன்னார். பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓரடி ஓரடியாக இறங்கினார்.

நாரை அவரை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இடது காலில் நின்றது. எனக்கு வேண்டிய வலது காலை வயிற்று இறகுக்குள் செருகி வைத்திருந்தது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. அந்தக் காலை இறக்காமல் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அண்ணன் தொடைத் தண்ணீரில் குளிரில் நின்றுகொண்டு, பழக்க தோஷத்தில், கொஞ்சம் தாடையை இறக்குங்க, இங்க பாருங்க என்று முணுமுணுத்தார். சுகப்பிரியா துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் எருமைகள்தான் கைகொடுத்தன. யாரோ ஓட்டிவிட்ட ஏழெட்டு எருமை தடதடவென்று தண்ணீரில் இறங்க, நாரை காலைக் கீழே வைத்து நாலு எட்டு நடந்தது. கேமரா நாலு தடவை சத்தம் போட்டது. உடனே அது இறக்கையை விரித்தது. ஓரமெல்லாம் அப்படி ஒரு கறுப்பு. காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் போயிற்று.

நடந்தபோது காலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தெரிந்ததா, தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதால் தெரிந்ததா என்று சத்தியமாக என்னால் சொல்ல முடியவில்லை. சுகப்பிரியாவைக் கேட்டேன். அவள் எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து ஸ்டூடியோவுக்குப் போனால், நாரை கண்ணாடி ஷோகேஸுக்குள் இருந்தது. தவழும் குழந்தைக்கும் மாலை போட்ட கல்யாணப் பெண்ணுக்கும் நடுவில், பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு. அவ்வளவு அழகான படம். ஒவ்வொரு இறகும் எண்ணுகிற மாதிரி. நான் காலை மட்டும் பார்த்தேன். வயிற்றிலிருந்து விரல் வரைக்கும் ஒரே சிவப்பு. வளையம் இல்லை, எச்சம்கூட இல்லை.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆக, என் கண் போய்விட்டது. இருபத்திரண்டு வயசில். இனிமேல் அந்தச் சீட்டை ஒப்பித்துத் தேறினாலும் அது திருட்டு. அம்மாவிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்றெல்லாம் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. அழுகை வந்தது. ராஜாமணி அண்ணன் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஃப்ரேமை எடுத்து என் கையில் தந்தார்.

"கால்ல ஒரு வெள்ளப் புள்ளி கீந்துச்சிம்மா, தூசி. பொடி பிரஷ்ஷ வச்சிக்கினு ஒரு மணி நேரம் டச்சிங் பண்ணேன். எந்த எடம்னு கண்டுபுடி பாக்கலாம்."

எனக்கு அவர் சொன்னது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. கல்யாணப் பெண்களின் பருவையும் மாப்பிள்ளைகளின் தழும்பையும் இருபது வருஷமாக அழித்து அழித்துப் பழகிய கை. வெள்ளைப் புள்ளியைக் கண்டால் சும்மா இருக்குமா?

"அண்ணே, அதுக்குத்தான அண்ணே அம்புட்டுத் தூரம் போனோம்."

சொல்லியிருக்கலாமே என்றார். முகம் விழுந்துவிட்டது. அவரைச் சொல்லி என்ன? வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அது உண்மையிலேயே தூசியாகவும் இருக்கலாம், சின்னதாகத்தான் இருந்தது என்று வேறு இழுத்தார். பிரஷ் பட்ட இடத்தைச் சுரண்டப் போனவரைத் தடுத்து, நெகட்டிவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மெல்லிய காகித உறையில் போட்டு, என்ன ஆயிற்று என்று தனக்கும் வந்து சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்தார்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் கேன்டீனுக்குப் போனதும் லென்ஸ் விளக்கைப் போட்டு, நெகட்டிவை அடியில் வைத்தேன். ஆரஞ்சு நிறத் தண்ணீரில் கறுப்பு நாரை. நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் சிவப்பு பச்சையாகவும் தெரியும் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். பச்சைக் காலில் முட்டிக்கு மேலே கறுப்பாக ஒரு பட்டை. அடுத்த படத்தைத் தள்ளினேன். நாரை ஓரடி நகர்ந்திருந்தது, பட்டை அதே முட்டிக்கு மேலே. அதற்கடுத்ததிலும். தூசி மூன்று தடவை ஒரே இடத்தில் விழாது. ஆனாலும் பார்த்தது நான்தானே, என் கண்ணைத்தானே சந்தேகப்படுகிறேன்? சீட்டை எடுத்து, வலது கால், முட்டிக்கு மேல், வளையம் ஒன்று என்று எழுதி மடித்துத் தட்டுக்கு அடியில் வைத்தேன். எழிலரசி அக்கா தன் மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேரே போய் எதிரில் நின்றேன்.

"அக்கா, ரெண்டாம் பார்வை."

சாப்பாட்டு நேரத்திலா என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள். லென்ஸுக்கு அடியில் போர்டு இல்லை, ஃபிலிம் என்று கண்டதும் நின்றாள். கம்பெனிக்குள் போட்டோ சமாசாரம் எதுவும் கொண்டுவரக் கூடாது. செக்யூரிட்டியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. உட்கார்ந்து குனிந்தாள். விளக்கு வெளிச்சம் அவள் நெற்றியில் வட்டமாக விழுந்தது. பிறகு கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டினாள். பேனா கொடுத்தேன். ஒரு வரி எழுதினாள். அப்பாடா, எனக்கு உயிரே வந்தது. ஒன்றும் இல்லாததற்கு யாரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். ஆனால் அவள் நிறுத்தவில்லை. மறுபடி குனிந்தாள், ஃபிலிமைக் கொஞ்சம் திருப்பினாள், மறுபடி எழுதினாள். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு சீட்டையும் சேர்த்துப் பிரித்தோம். அவளுடையதில் வலது கால், முட்டிக்கு மேல், வளையம் என்று இருந்தது. அதற்குக் கீழே, வளையத்தில் எழுத்து என்று இருந்தது. முதலில் ஒரு இங்கிலீஷ் எழுத்து, அப்புறம் நாலு, அப்புறம் ஏழு, கடைசி எழுத்து தெளிவில்லை. யாரோ பறவையைப் பிடித்து, அடையாளத்துக்கு நம்பர் போட்டு மாட்டிவிட்ட வளையம்.

அக்கா என் சீட்டை இரண்டு தடவை பார்த்தாள்.

"எழுத்த வுட்டுட்டியே. எழுத மறந்துட்டியா?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்கிற மாதிரி கேட்டாள். நான் லென்ஸுக்குக் குனிந்தேன். தூக்கிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். வளையம் இருந்தது. கறுப்பாக, துடைத்துவிட்ட பலகை மாதிரி. எழுத்து ஒன்றும் இல்லை.

"இல்லக்கா. எனக்கு எழுத்து தெரியல."

கையை நீட்டினாள். என் சீலைக் கொடுத்தேன். டிராயரில் போட்டாள், பூட்டவில்லை. டெஸ்ட் முடிகிற வரைக்கும் இங்கே இருக்கட்டும் என்றாள். எனக்குத் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பதுதான் தெரியவில்லை, அன்றைக்கு பஸ்ஸில் அவள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றும் சொன்னாள். ஹாஸ்டலில் சுற்றுகிற அந்தச் சீட்டை நான் வாங்கிவிட்டேனா என்று திடீரென்று கேட்டாள். மனப்பாடமே ஆகிவிட்டது என்றேன்.

"மொதமொத அத எழுதுனதே நாந்தான். கடசி வரி வரிக்கும் எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிது அப்போ." சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் மறுபடியும் நெகட்டிவைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் டெஸ்டில் பார்த்துச் சொல்ல வேண்டுமா, ஒப்பிக்க வேண்டுமா என்று அவள் சொல்லவில்லை. மணி அடித்ததும் எழுந்துகொண்டே, அந்தக் கடைசி எழுத்து என்ன என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு என்றாள்.

சனிக்கிழமை காலை பஸ் ஏரிக்கரைக்கு வந்ததும் அக்கா எழுந்து போய் டிரைவர் கன்னியப்பனிடம் ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொன்னாள். ஏழு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்களே என்று முனகினாலும் அவர் ஓரங்கட்டி இன்ஜினையும் அணைத்துவிட்டார். சேதி ராத்திரியே ஹாஸ்டல் முழுக்கப் பரவியிருந்தது. நாற்பது பெண்களும் இடது பக்க ஜன்னலுக்கு வந்ததில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுகப்பிரியா எனக்கு முன்னாலேயே கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். எழுத்து அட்டைச் சீட்டு என் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது.

நாரை திரும்பி வந்திருந்தது. நத்தைகுத்திகளைவிட்டுத் தள்ளி, தனியாக, இடது காலில் நின்றது. வலது கால் இறகுக்குள். மணி ஆறு ஐம்பது, ஆறு ஐம்பத்திரண்டு. போகலாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடியை ஆளாளுக்குத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். நாரை ஒரு தடவை உடம்பை உதறியது. வயிற்று இறகுக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு விரல் மட்டும் வெளியே வந்து, பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனது.